எடுக்கக் கூடாத அழைப்பு

அப்பாவின் மூச்சு நின்ற காலையில் கட்டிலருகே அம்மா இருந்தார். அக்காவும் அத்தானும் இருந்தார்கள். சித்தப்பா தலைமாட்டில் நின்று வாயில் பால் விட்டார். நான் இல்லை. சென்னையிலிருந்து கிளம்பிய பேருந்து அப்போதுதான் ராஜபாளையம் தாண்டியிருந்தது. கடையநல்லூர் காதர் பாயும் இல்லை. அவர் இன்னும் சவுதியில்தான் வண்டி ஓட்டுகிறார்.

இன்னொரு நாளையும் நான் சொல்ல வேண்டும். பதினோரு ஆண்டுகளுக்கு முன்பு ஒரு வெள்ளிக்கிழமை மதியம். அன்று எங்கள் ஊர்க் கரடு என்ற சின்னப் பாறைக்குன்றின் மேல் அப்பா இருந்தார், நான் இருந்தேன். வேறு யாரும் இல்லை. அம்மா கடலுக்கு அந்தப் பக்கம் ஒரு பூட்டிய வீட்டுக்குள் இருந்தார். அன்று நடந்தது பற்றி அப்பா சொன்னதைத்தான் சொந்தபந்தம் எல்லோரும் இன்றுவரை நம்பியிருக்கிறீர்கள். அப்பா சொன்னது உண்மை அல்ல. முதலாண்டு நினைவு நாளில் அவரைப் பற்றி நல்லதாக எவ்வளவோ எழுதலாம். இதை எழுதாமல் மற்றதை எழுத எனக்குக் கை வரவில்லை.

அப்பா பிறந்தது கரிவலம்வந்தநல்லூருக்கு மேற்கே, ஆடு வளர்ப்பவர்கள் மட்டுமே இருக்கும் எங்கள் சின்ன ஊரில். பள்ளிக்கூடத்துக்குப் போனதில்லை. ஏழு வயதில் கம்பைக் கையில் கொடுத்துவிட்டார்கள். எழுத்து தெரியாது, ஆனால் நூறு ஆட்டை ஒரு பார்வையில் எண்ணி, குறைவது எந்த ஆடு என்றும் சொல்லிவிடுவார். மேய்ச்சலில் அடுத்தவர் குட்டி நம் மந்தையில் கலந்து வந்துவிட்டால், அதைத் தோளில் போட்டுக்கொண்டு இருட்டுவதற்குள் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்த பிறகுதான் சாப்பிடுவார். ஆண்டுதோறும் அறுப்பு முடிந்ததும் வாசுதேவநல்லூர்ப் பக்கம் போய், வயல்களில் உரத்துக்காகக் கிடை போடுவார். மூன்று மாதம் அங்கேயே ஆடுகளோடு கிடப்பார். எங்கள் வீட்டு வருமானத்தில் பெரும்பகுதி அதுதான்.

வீட்டுக்கு ஒன்றும் தனக்கு ஒன்றுமாக அப்பா செல் வாங்கிய பிறகு ஒரு வழக்கம் வந்தது. மந்தையை ஓட்டிக்கொண்டு திரும்பும்போது ஊர் எல்லையில் நின்று வீட்டு செல்லுக்கு இரண்டு முறை மணி அடிக்க விட்டு வைத்துவிடுவார். அது கேட்டதும் அம்மா உலை வைப்பார். எடுத்தால் காசு போகும், அதனால் யாரும் எடுக்க மாட்டோம். வீட்டுக்குள் டவர் வந்தால் வரும், போனால் போகும். மணி வராத நாளில் சோறு கொஞ்சம் தாமதமாகும். அவ்வளவுதான்.

பிறகு ஒரு மழைக்காலத்தில் நீலநாக்கு நோய் வந்தது. ஆடுகளில் பாதிக்கு மேல் செத்துப்போயின. அப்பா வெளிநாடு போகலாம் என்று மருத்துவச் சோதனைக்குப் போனார். நெஞ்சுப் படத்தில் பழைய தழும்பு இருக்கிறது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். சவுதிக்கு வீட்டு வேலைக்குப் பெண்கள் போகலாம், டிக்கெட்டை அவர்களே எடுத்துக் கொடுப்பார்கள் என்று ஏஜெண்ட் சொன்னார்.

"நான் போறேன்" என்றார் அம்மா. "ரெண்டு வருசம்தான. ஏரோப்பிளேன்ல ஏறின மாதிரியும் ஆச்சு."

அப்பா திருவனந்தபுரம் விமான நிலைய வாசலில்தான் வாயைத் திறந்தார்.

"போய்ச் சேந்ததும் ரெண்டு ரிங் விடுட்டி."

"விடுதேன். பழக்கத்துல நீங்க உலை வச்சிராதிய" என்றார் அம்மா. அழுதுகொண்டிருந்த அக்காவும் சிரித்துவிட்டாள்.

அம்மா அங்கிருந்து எங்களோடு பேசியது ஒரே ஒரு முறை, போய்ச் சேர்ந்த அன்று. பாஸ்போர்ட்டை மேடம் வாங்கிப் பூட்டிவிட்டாள், வெளிக்கதவுக்கும் பூட்டு, படுக்கையில் கிடக்கும் ஒரு கிழவியைப் பார்த்துக்கொள்வதுதான் வேலை என்று மூச்சு விடாமல் சொன்னார். "இனிமே பேச விடமாட்டாளாம். போன் கெழவி கட்டிலுக்குப் பக்கத்துலதான் இருக்கு. வெள்ளிக்கிழமை மத்தியானம் அவ கண்ணசருவா. அப்ப ரெண்டு ரிங் விடுதேன். வந்துச்சுன்னா நான் நல்லா இருக்கேன்னு வச்சுக்கிடுங்க. எடுத்திராதிய. எடுத்தா பில்லுல வந்திரும்."

அன்றிலிருந்து அம்மா ஒரு வீட்டுக்குள் அடைபட்டார். அப்பா கரட்டின் மேல் அடைபட்டார்.

ஊரில் டவர் தப்பாமல் கிடைக்கும் இடம் அந்தக் கரடு மட்டும்தான். சோறு தாமதமானால் பரவாயில்லை, இந்த மணி தவறக் கூடாது. வெள்ளிக்கிழமை என்று அம்மா சொல்லியிருந்தாலும், வேறு நாளில் அடித்துவிட்டால் என்ன செய்வது என்று அப்பா தினமும் அங்கேயே நின்றார். கரட்டைச் சுற்றியே மேய்த்தார். புல் தீர்ந்து ஆடுகள் மெலிந்தன. அங்கே டவர் எப்படி இருக்குமோ என்று வாசுதேவநல்லூருக்குக் கிடை போடப் போவதை நிறுத்தினார். மிஞ்சிய ஆடுகளிலும் பாதியை விற்றார். ஆடித்தபசுக்கு ஊரே சங்கரன்கோவிலுக்குப் போனபோதும் அவர் கரட்டில்தான் இருந்தார். தன் தாய்மாமன் இறந்ததற்கே போகவில்லை. அந்தக் கோபம் இன்னும் சிலருக்கு இருக்கிறது என்று தெரியும். காரணம் இதுதான்.

"பொண்டாட்டிய சவுதிக்கு அனுப்பிட்டுக் கரட்டுக்குக் காவல் காக்கான்" என்று அப்பா காதுபடவே பேசினார்கள்.

"கரட்ட யாராவது தூக்கிட்டுப் போயிரக் கூடாதுல்லா, அதான்" என்று அப்பா சிரித்துக்கொண்டே பதில் சொல்வார்.

வெள்ளி மதியம் இரண்டரை மணிவாக்கில் மணி அடிக்கும். இரண்டு முறை அடித்து நின்றதும் அப்பா செல்லைச் சட்டைப்பையில் போட்டுப் பொத்தானைப் பூட்டுவார். பிறகுதான் தூக்குவாளியைத் திறப்பார்.

நான் அப்போது சங்கரன்கோவிலில் பி.காம். கடைசி ஆண்டு. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான்தான். அம்மா போய் இருபத்தோராவது மாதத்தில் தேர்வு முடிவு வந்தது. எல்லாப் பாடத்திலும் தேறியிருந்தேன். அது வெள்ளிக்கிழமை. அப்பாவுக்குச் சோறு எடுத்துக்கொண்டு கரட்டுக்கு ஓடினேன். விஷயத்தைச் சொன்னதும் அப்பா என் தலையைப் பிடித்து ஆட்டினார். "உங்க அம்மைக்குத் தெரியாமப் போச்சே" என்றார். அதற்குள் கீழே ஒரு குட்டி பாறை இடுக்கில் மாட்டிக்கொண்டு கத்தியது. செல்லை என் கையில் கொடுத்துவிட்டு இறங்கினார்.

மணி அடித்தது. எடுக்கக் கூடாது என்று எனக்குத் தெரியும். யாருக்கும் தெரிவதைவிட எனக்கு நன்றாகத் தெரியும். இரண்டாவது மணி முடிவதற்குள் பச்சைப் பொத்தானை அமுக்கினேன்.

"யம்மா" என்றேன்.

அந்தப் பக்கம் ஒரு சத்தமும் இல்லை. தேறியதைச் சொல்ல வாய் வரவில்லை.

"ஏலே! எடுக்காதலே! வைலே! வைலே!" என்று அப்பா பாறையில் தவழ்ந்து ஏறி வந்தார். கையிலிருந்து பிடுங்கிச் சிவப்புப் பொத்தானை அமுக்கினார். முழங்கால் இரண்டும் சிராய்த்து ரத்தம். என்னை அடிப்பார் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. செல்லைச் சட்டைப்பையில் போட்டுப் பொத்தானைப் பூட்டினார். அன்று தூக்குவாளியைத் திறக்கவில்லை.

அடுத்த வெள்ளி மணி வரவில்லை. அதற்கடுத்த வெள்ளியும் வரவில்லை. ஐந்து மாதம் வரவில்லை. உயிரோடு இருக்கிறாரா என்றே தெரியாத ஐந்து மாதம். இரண்டு வருட ஒப்பந்தமும் அதற்குள் முடிந்து போனது. அப்பா கரட்டை விட்டு இறங்கவில்லை. வெயிலில் செல்லின் எண்கள் அழிந்துவிட்டன. அழிந்த எண்ணின் மேல் விரலை வைத்துத் தேய்த்துக்கொண்டே இருப்பார்.

விசா நகலில் அந்த வீட்டு முகவரி இருந்தது. அதை எடுத்துக்கொண்டு, சவுதியில் வேலை பார்ப்பவர்கள் நிறைய உள்ள கடையநல்லூருக்குப் போனேன். முகவரியில் இருந்த ஊரில் யாராவது வேலை பார்க்கிறார்களா என்று தெருத் தெருவாகக் கேட்டதில் காதர் பாய் வீட்டார் கிடைத்தார்கள். அம்மா இருந்த வீட்டுக்கு அடுத்த தெருவிலேயே பாய் ஒரு வீட்டில் டிரைவர். பத்து நாளில் அவரே அப்பாவைக் கூப்பிட்டார்.

"அண்ணாச்சி, பாத்துட்டேன். குப்பை போட வந்தாங்க. சங்கரன்கோவிலான்னு கேட்டேன், அப்படியே அழுதுட்டாங்க. நல்லா இருக்காங்க, பயப்படாதிய. பில்லுல இந்தியா நம்பரு வந்திருக்கு. அந்த மேடம் போனத் தூக்கித் தன் ரூம்புல வச்சுப் பூட்டிட்டா. ஊருக்கும் அனுப்ப மாட்டேங்கா. யாரு அண்ணாச்சி போன எடுத்தது?"

நான் பக்கத்தில்தான் நின்றேன்.

"எங் கை பட்டுட்டு பாய்" என்றார் அப்பா. "பட்டனு எது என்னன்னு நமக்கு என்ன தெரியுது."

அதுதான் ஊரெல்லாம் பரவியது. அன்று சாயங்காலம் நான் சொல்லிவிடுகிறேன் என்றேன்.

"நீ வாயத் தொறக்காத. படிச்சவன் தப்புப் பண்ணினாம்னா ஊரு காலம்பூரா பேசும். ஆடு மேய்க்கவன் பண்ணினா ரெண்டு நாள் சிரிச்சிட்டு விட்டுரும்."

விடவில்லை. அம்மா திரும்பிய பிறகு நடந்த அக்கா கல்யாணப் பந்தியில் மாமா ஒருவர், "அத்தான் கையில செல்லக் கொடுக்காதிய, சவுதிக்காரி சம்பளத்தப் பிடிச்சிருவா" என்றார். பந்தியே சிரித்தது. அப்பாவும் சிரித்தார். எனக்கு எதிர் இலையில் இருந்த அவர், "சாப்பிடுலே, சோறு ஆறுது" என்று மட்டும் என்னிடம் சொன்னார். பத்து ஆண்டுகளாக எந்த விசேஷத்திலும் அந்தப் பேச்சு வராமல் இருந்ததில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை.

அதன் பிறகு அம்மா குப்பை போட வரும் நாளில் காதர் பாய் தன் செல்லிலிருந்து அப்பாவுக்கு இரண்டு மணி அடிக்க விடுவார். அது வந்தால் அம்மா நலம். நான் மனு எழுத ஆரம்பித்தேன். படித்த படிப்புக்கு முதல் வேலை அதுதான். திருநெல்வேலி கலெக்டர் ஆபீசில் கொடுக்க நானே போகிறேன் என்றேன். "பொண்டாட்டிக்கு நாந்தான் கையெழுத்துப் போடணும், கைநாட்டுன்னாலும்" என்று அப்பா கிளம்பினார். இரண்டு வருடத்துக்கு மேல் கழித்து அன்றுதான் கரட்டை விட்டு முதல் முறை வெளியூர் போனார். செல்லை என்னிடம் நீட்டினார். கொடுக்காமல் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டே நின்றார்.

"எடுக்க மாட்டேல்லா?"

"மாட்டேம்ப்பா."

அன்று மதியம் செல் இரண்டு முறை அடித்தது. செல்லைப் பாறையில் வைத்துவிட்டு, என் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அவற்றின் மேல் உட்கார்ந்திருந்தேன். அது நின்ற பிறகும் எழுந்திருக்கத் தைரியம் வரவில்லை. அப்பா தினமும் எங்கே உட்கார்ந்திருந்தார் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

மனு மேல் மனுவாகப் போனது. அங்கே காதர் பாயும் அவர் கூட்டாளிகளும் தூதரகத்துக்கு நடையாய் நடந்தார்கள். போய் மூன்று வருடமும் இரண்டு மாதமும் ஆன பிறகு அம்மா திரும்பினார். அழைத்து வர நானும் சித்தப்பாவும் போனோம். அப்பா வரவில்லை. "வழியில போன் வந்தா?" என்றார். சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் அம்மா என் செல்லை வாங்கி, இரண்டு மணி அடிக்க விட்டு வைத்தார். நாங்கள் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது அப்பா அடுப்படியில் புகைக்குள் உட்கார்ந்திருந்தார். உலை கொதித்துக்கொண்டிருந்தது.

கடைசி இரண்டு ஆண்டுகளில் நெஞ்சிலிருந்த அந்தப் பழைய தழும்பு அப்பாவின் மூச்சைப் பிடித்தது. மருத்துவமனையில் மூக்கில் குழாயோடு கிடந்தபோது, பக்கத்துக் கட்டில்காரர் செல் அடித்தால்கூடக் கையைத் தூக்கி எடுக்காதே என்று சைகை காட்டுவார். வார்டில் சிரிப்பார்கள். இரண்டு முறை தாண்டி மூன்றாவது அடித்தால்தான் கையைக் கீழே போடுவார். அந்தக் கரட்டிலிருந்து அவர் கடைசிவரை இறங்கவே இல்லை என்று எனக்குத் தோன்றும்.

அப்பாவின் இறுதிக் காலத்தில் இரவு பகல் பாராமல் உடனிருந்த அத்தானுக்கும், ஆடுகளைத் தன் மந்தையோடு சேர்த்துப் பார்த்துக்கொண்ட சித்தப்பாவுக்கும், முகம் சுளிக்காமல் கவனித்த செவிலியர்களுக்கும், கருமாதிக்கு அடுப்பு மூட்டியதிலிருந்து இலை எடுத்தது வரை நின்ற ஊராருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. காதர் பாய்க்கு நன்றி என்ற சொல் போதாது. அப்பாவைக் கேலி செய்தவர்கள் மேல் எனக்கு வருத்தமில்லை. அந்தக் கேலி எனக்கு வர வேண்டியது. இனி என்னைச் சொல்லுங்கள்.

அச்சுக்குக் கொடுக்கும் முன் இதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். முருங்கைக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தவர், கரட்டில் நடந்த இடம் வந்தபோதும் நிமிரவில்லை.

"நீதாம்னு எனக்கு அன்னைக்கே தெரியும்யா."

"எப்படிம்மா?"

"யம்மான்னு கூப்பிட்டேல்லா. உங்க அப்பா என்னைய யம்மான்னா கூப்பிடுவாக?"

"கேட்டுச்சா? நீ ஒண்ணுமே பேசலையேம்மா."

"கெழவி முழிச்சுக் கெடந்தா, எப்படிப் பேச? நீ கூப்பிட்டது கேட்டுச்சு. அவுக வைலே வைலேன்னு கத்தினது கேட்டுச்சு. ஆடு கத்தினது கேட்டுச்சு. நான் டக்குன்னு வச்சிருக்கலாம். வைக்கல. நீங்களா வைக்கட்டும்னு காதுலயே வச்சுக்கிட்டு இருந்தேன்."

"அப்புறம் ஊருக்கு வந்ததும் ஏன் அப்பாவை ஏசுன?"

"எங் கை பட்டுட்டுன்னு அவுக சொன்னாக. ஆமா, ஒங்களுக்கெல்லாம் எதுக்கு செல்லுன்னு ஏசினேன். பிள்ளைக்கு ஒண்ணும் வரலைன்னு அவுகளுக்கு நிம்மதி."

கீரைக் காம்பை ஒதுக்கினார். பிறகு அவராகவே சொன்னார்.

"அந்த ஒரு நிமிசத்துக்குச் சம்பளத்துல பிடிச்சிட்டா. பில்லக் காட்டித்தான் பிடிச்சா."

எவ்வளவு என்று கேட்டேன்.

"மூணு ரியால்."

அன்றைக்கு நம் பணத்தில் ஐம்பது ரூபாய்.