கோமளத்தின் இலையுதிர்காலம்

தியாகராய நகரில் நாங்கள் குடியிருக்கும் தெருவுக்கு ஐப்பசி பிறந்துவிட்டால் யாரும் எளிதில் வருவதில்லை. முன்பு ஏரியாக இருந்த இடம். ஒரு மழைக்கே சேறு கணுக்காலை விழுங்கிவிடும். அந்தச் சேற்றில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு மயிலாப்பூரிலிருந்து தையற்காரர் காதர் பாய் வந்து நின்றார். உள்ளே வரச் சொன்னேன். வரவில்லை. தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டார்.

“கோமளாம்மா பூட்டாங்கம்மா. இன்னிக்குக் காலீல. ஜொரம் நெஞ்சுல எறங்கிக்கிச்சாம்” என்றார். பிறகு, “உங்களாண்ட சொல்லணும்னு வந்தேன். வேற யாராண்ட சொல்றது?” என்றார்.

அந்தக் கேள்விதான் இன்னும் என்னை விடவில்லை. கோமளம் பிறந்ததும் வளர்ந்ததும் இறந்ததும் மயிலாப்பூரில், கச்சேரி ரோட்டுக்குப் பின்னால் ஒரே வீட்டில். அவள் போன செய்தியைச் சொல்ல ஓர் ஆளைத் தேடி அந்த மனிதர் இங்கே மாம்பலம் வரை வரவேண்டியிருந்தது.

நம் மாதர் சங்கத்துச் சகோதரிகள் பலருக்குக் கோமளம் என்றால் தெரியாது; ‘லண்டன் கோமளம்’ என்றால் தெரியும். அந்தப் பட்டப்பெயரை அவள் முகத்துக்கு நேரே யாரும் சொன்னதில்லை என்றாலும் அது அவள் காதுக்கு எட்டாமல் இருந்ததில்லை. அவள் லண்டனைப் பார்த்தவள் அல்ல. பார்த்தவர் அவள் கணவர். கல்யாணமான சில மாதங்களிலேயே பாரிஸ்டர் படிப்புக்காகக் கப்பலேறினார். துறைமுகத்தில் வழியனுப்பப் போனபோது, “அங்கே பொம்மனாட்டிகள்லாம் எப்படி உடுத்திக்கறான்னு தெரிஞ்சு வெச்சுக்கோ. நாளைக்கு உன்னை அழைச்சுண்டு போறச்சே கூச்சப்படக்கூடாது” என்று சொன்னாராம். அப்போது அவளுக்குப் பதினைந்து வயதுதான் இருக்கும்.

அவள் தெரிந்துகொண்டாள். வக்கீலான அவள் அப்பா சீமையிலிருந்து ஒரு மாதர் சஞ்சிகையைத் தருவித்துக் கொடுத்தார். அதைப் படிப்பதற்காகவே ஆங்கிலம் கற்றாள். கணவரிடமிருந்து கடிதங்கள் குறைந்தன, பிறகு நின்றன. அவர் அங்கேயே ஒரு வெள்ளைக்காரப் பெண்ணை மணந்துகொண்டார் என்று யாரோ வந்து சொன்னார்கள். அந்தச் செய்திக்குப் பின் அவள் அப்பா அதிக காலம் இருக்கவில்லை. அண்ணா கல்கத்தாவில் உத்தியோகம். பெரிய வீட்டில் கோமளம் தனியாக இருந்தாள். சஞ்சிகை மட்டும் நிற்காமல் வந்துகொண்டிருந்தது.

நான் அவளோடு பழகத் தொடங்கியது அதற்குப் பிறகுதான். என் ரவிக்கை தைக்கக் காதர் பாய் கடைக்குப் போயிருந்தேன். அங்கே ஒரு பெண், படம் போட்ட புத்தகத்தைத் தையல் இயந்திரத்தின் மேல் விரித்து வைத்துக்கொண்டு, “பாய், இந்தத் தோள்பட்டையைப் பாருங்கோ. தூக்கலா இருக்கே தவிர உப்பலா இல்லை. அதுதான் இந்த வருஷத்து சூட்சுமம்” என்று சொல்லிக்கொண்டிருந்தாள். என்னைத் திரும்பிப் பார்த்து, முன்பின் தெரியாதவள் என்ற நினைப்பே இல்லாமல், “நீங்களே சொல்லுங்கோ, அழகா இல்லையா?” என்றாள். அழகாகத்தான் இருந்தது. அன்று மாலை அவள் வீட்டு மாடியில் காபி குடித்தேன்.

வருஷம் முழுவதும் சஞ்சிகை வந்தாலும் அவள் காத்திருந்தது இலையுதிர்கால இதழுக்குத்தான். அந்தப் பருவத்தின் ஆங்கிலப் பெயரான ‘ஆடம்’ காதர் பாயின் காதில் ‘ஆட்டம்’ என்று விழுந்திருந்தது. “இன்னாம்மா, ஆட்டம் புக்கு வந்துச்சா?” என்று வீதியில் வைத்துக் கேட்பார். கேட்டவர்கள் கோமளம் நாட்டியம் கற்கிறாள் என்று கிளப்பிவிட்டார்கள். இதழ் கப்பலில் வந்து சேரும்போது நமக்கு ஐப்பசி ஆகியிருக்கும். வெளியே மழை கொட்டும். உள்ளே நாங்கள் பாரிஸ் தையற்காரர்கள் பெண்களுக்கு உடுத்தி நடக்கவிட்ட புது உடைகளைப் பார்த்துக்கொண்டிருப்போம். துருச் சிவப்பு, மரப்பட்டைப் பழுப்பு, பரங்கிப்பழ மஞ்சள் என்று பக்கத்துக்குப் பக்கம் விளக்கமிருக்கும். படம் கறுப்பு வெள்ளைதான். கோமளம் படித்துப் படித்து எனக்கு நிறத்தைக் காட்டுவாள்.

“கோடைக்கு உடுத்தறது வெயிலுக்குப் பயந்துண்டு உடுத்தறது. மழைக்கும் குளிருக்கும் உடுத்தறதுதான் ஆசையா உடுத்தறது” என்பாள்.

“நமக்குத்தான் இலையுதிர்காலமே கிடையாதே, கோமளா” என்று ஒருமுறை சொன்னேன்.

“நமக்கு ஐப்பசி இருக்கே. அதுக்கு யாராவது உடை யோசிச்சிருக்காளா?” என்றாள்.

அவளோடு ஜவுளிக் கடைக்குப் போவது ஒரு நாள் வேலை. கடைக்காரர் விரித்துப் போட்ட எதையும் உள்ளே வைத்துப் பார்க்கமாட்டாள். “வாசலுக்கு எடுத்துண்டு வாங்கோ. இந்த இருட்டுல எல்லாப் பழுப்பும் ஒண்ணுதான்” என்பாள். கடைக்காரர் முணுமுணுத்துக்கொண்டே மூட்டையைத் தூக்கிக்கொண்டு வெளிச்சத்துக்கு வருவார். அவள் ஒரு முனையைப் பிடித்துத் தொங்கவிட்டுத் துணி எப்படி விழுகிறது என்று பார்ப்பாள். அந்தக் கணத்தில் அவள் முகத்தைப் பார்த்தவர்கள் அவளுக்கு என்ன குறை என்று கேட்டிருப்பார்கள்.

ஆனால் குறை சொல்ல ஊரில் ஆளுக்குப் பஞ்சமில்லை. வாழாமல் இருப்பவளுக்குச் சிங்காரம் எதற்கு என்றார்கள். நம் சங்கத்துத் தலைவி ஒரு கூட்டத்தில் எல்லோர் முன்னிலும், “தேசமே கதர் கட்டிண்டிருக்கு. இப்போ போய் சீமை மோஸ்தர் என்ன வேண்டிக்கிடக்கு?” என்று கேட்டார். கோமளம் எழுந்து, “துணி கதராவே இருக்கட்டும், மாமி. வெட்டறதுக்கு எந்த தேசம்?” என்றாள். சிலர் சிரித்துவிட்டார்கள். அந்தச் சிரிப்பில் தைரியம் பெற்று, ஐப்பசி மழைக்கென்று முழுக்கக் கைத்தறியில் உடைகள் தைத்து, சங்கத்துக் கூடத்தில் அணிவகுப்பு நடத்திக் காட்டுகிறேன் என்று அறிவித்தாள்.

அவளும் காதர் பாயும் அவர் மனைவி ஜைனப் பீயும் ஆடி மாதத்திலிருந்து உழைத்தார்கள். கணுக்காலுக்கு மேல் நிற்கும் சேலை, கழுத்துப்பட்டை வைத்த நீளக்கை ரவிக்கை, தலையோடு மூடும் தடித்த நூல் மேலங்கி. உடுத்தி நடக்கக் கல்லூரிப் பெண்கள் ஐந்தாறு பேர் சம்மதித்திருந்தார்கள். அந்த நாள் வந்தபோது ஒருத்திகூட வரவில்லை. வீடுகளில் அம்மாக்கள் தடுத்துவிட்டார்கள். நாற்காலிகளிலும் நான்கைந்து பேர்தான். அதில் இருவர் என்ன நடக்கிறதென்று பார்த்துப் போய்ச் சொல்வதற்காக வந்தவர்கள்.

கோமளம் உள்ளே போனாள். முதல் சேலையைத் தானே உடுத்திக்கொண்டு வந்து கூடத்தின் நடுவே நடந்தாள். திரும்பினாள். உள்ளே போய் மாற்றிக்கொண்டு மறுபடி வந்தாள். நான் அவள் எழுதித் தந்த விவரங்களைப் படித்தேன். என் குரல் காலிக் கூடத்தில் எதிரொலித்தது. வெளியே நல்ல மழை. மீன் விற்றுவிட்டுத் திரும்பிய நொச்சிக்குப்பத்துப் பெண்கள் கூடைகளோடு தாழ்வாரத்தில் ஒதுங்கியிருந்தார்கள். மூன்றாவது உடையோடு கோமளம் வந்தபோது ஜன்னலிலிருந்து ஒரு குரல் வந்தது.

“யம்மா, அந்த செவப்பு சோக்கா கீதும்மா! கொஞ்சம் இப்டிக்கா திரும்பு!”

கோமளம் நின்றாள். ஜன்னலைப் பார்த்துத் திரும்பிக் காட்டினாள். பிறகு போய்க் கதவைத் திறந்து அவர்களை உள்ளே அழைத்துவிட்டாள். நாற்காலியில் இருந்தவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு எழுந்து போனார்கள்.

அந்தப் பெண்கள் முதலில் சுவரோரம் ஒண்டி நின்றார்கள். அவர்களில் மூத்தவள், பெயர் அந்தோணியம்மாள், மேலங்கியைத் தொட்டுப் பார்த்து, “இத்தப் போட்டுக்கினு போனா தலை நனையாதா?” என்று கேட்டாள்.

“போட்டுண்டு நடந்து பாருங்கோ” என்றாள் கோமளம்.

அந்தோணியம்மாள் போட்டுக்கொண்டு நடந்தாள். காலமெல்லாம் தலைச்சுமையோடு நடந்த முதுகு அது. அவள் கூடத்தின் கோடி வரை போய்த் திரும்பி வந்ததைப் போல நிமிர்ந்து நடந்த ஒருவரை நான் அந்தச் சஞ்சிகைப் படங்களில்கூடப் பார்த்ததில்லை. பிறகு ஒவ்வொருத்தியாக உடுத்திக்கொண்டார்கள். கூடம் சிரிப்பில் நிறைந்தது. ஜைனப் பீ கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மழை விட்டதும் அவர்கள் கூடைகளைத் தூக்கிக்கொண்டு போனார்கள். மேலங்கி அந்தோணியம்மாளோடு போயிற்று.

அதன்பின் கோமளத்துக்குச் சங்கத்திலிருந்து அழைப்பு வருவது நின்றது. யாரும் நீக்கவில்லை, யாரும் கூப்பிடவுமில்லை. என் கணவர் தியாகராய நகரில் மனை வாங்கி வீடு கட்டியதில் நானும் தூரமாகிவிட்டேன். மாதத்துக்கு ஒருமுறை போவேன். “நீ வர அன்னிக்குத்தான் நான் வாய்விட்டுப் பேசறேன், விசாலம். மத்த நாள்ல என் குரல் எப்படியிருக்கும்னே மறந்துபோறது” என்று ஒருநாள் சாதாரணமாகச் சொன்னாள்.

சில வருஷங்களுக்கு முன் ஒரு ஐப்பசியில் நாங்கள் இருவரும் மவுண்ட் ரோடுக்குப் போனோம். ஊட்டிக்கும் சீமைக்கும் போகிற துரைசானிகளுக்காக அங்கே ஒரு பெரிய கடையில் கண்ணாடிக்குப் பின்னால் குளிர்கால உடைகள் வைப்பார்கள். வருஷந்தோறும் பார்ப்பது வழக்கம், வாங்குவது கிடையாது. அன்று உள்ளேயும் நுழைந்தோம். ஒரு வெள்ளைக்கார அம்மாள் இரண்டு சால்வைகளைக் கையில் வைத்துக்கொண்டு தடுமாறினாள். அருகே நின்ற கோமளத்தைப் பார்த்து, எது நன்றாக இருக்கும் என்று ஆங்கிலத்தில் கேட்டாள். கோமளம் பழுப்பை வாங்கி அவள் தோளில் போட்டு, “உங்கள் கண்ணுக்கு இதுதான்” என்றாள். அந்த அம்மாள் மகிழ்ந்துபோய், “இங்கே வா, இவர்கள் சொல்வதைக் கேள்” என்று கணவரைக் கூப்பிட்டாள்.

கோட்டு அணிந்த தமிழர் ஒருவர் வந்தார். காதோரம் நரைத்திருந்தது. அவர் பேசியதைக் கேட்டதும் கோமளத்தின் கை சால்வையிலேயே நின்றுவிட்டது. அவருக்கு அவளை அடையாளம் தெரியவில்லை. மரியாதையாக நன்றி சொன்னார். அவர் மனைவிதான், “உங்கள் பெயர் என்ன?” என்று கேட்டாள்.

“கோமளம்” என்றாள்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். கோமளம் இருவருக்கும் கை கூப்பிவிட்டு மெதுவாக நடந்து வெளியே வந்தாள். டிராமில் ஏறி உட்காரும் வரை எனக்கு ஒன்றும் புரியவில்லை.

“அவர்தான்” என்றாள். முந்தானையை நீவிக்கொண்டே, “நான் நன்னா உடுத்திண்டிருந்தேனா?” என்று கேட்டாள்.

“ரொம்ப நன்னா இருந்தே.”

“அது போறும்” என்றாள். லஸ் நெருங்கும்போது திடீரென்று சிரித்தாள். “அந்த அம்மா தலையில இருந்த தொப்பி ரெண்டு வருஷத்துப் பழசு, விசாலம். யாரும் அவாளுக்குச் சொல்லலை போலிருக்கு.” சிரித்துக்கொண்டிருந்தவள் எப்போது அழத் தொடங்கினாள் என்று எனக்குத் தெரியவில்லை. முகத்தைத் தெருப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

இனி அந்தச் சஞ்சிகையை நிறுத்திவிடுவாள் என்றே நினைத்தேன். அடுத்த இதழ் வந்ததும் ஆள் அனுப்பி என்னை வரவழைத்தாள். “முதல்ல அவருக்காகத்தான் பார்த்தேன். நடுவுல எதுக்குப் பார்க்கறேன்னே தெரியாம பார்த்தேன். இப்போதான் இது முழுசும் என்னோடது” என்றாள்.

காதர் பாய் வந்து சொன்ன அன்று ஜட்கா பிடித்துக்கொண்டு ஓடினேன். கல்கத்தா அண்ணாவால் வந்து சேர முடியாது. ஒன்றுவிட்ட உறவினர் காரியங்களைப் பார்த்தார். கூடத்தில் அதிகம் பேர் இல்லை. கணவர் உயிரோடு இருப்பதால் சுமங்கலி என்று மாமிகள் பெட்டியைத் திறந்து கூறைப்புடைவையை எடுத்தார்கள். அவள் ஆசை ஆசையாய்ப் பொறுக்கிய பழுப்புக் கைத்தறி ஒன்று அதன் அடியிலேயே இருந்தது. அதைக் கட்டலாமா என்று கேட்டேன். “வழக்கம்னு ஒண்ணு இருக்கேடி” என்றார் ஒரு மாமி, கோபமில்லாமல்தான். கட்டி முடித்ததும் குனிந்து கொசுவத்தை மட்டும் அவளுக்குப் பிடிக்கிற மாதிரி நீவிவிட்டேன். வாசலில் மழையில் காதர் பாய் நின்றுகொண்டிருந்தார். தெருக்கோடி வரை கூடவே நடந்தார்.

அவளிடமிருந்து நான் பொருளாக எதையும் எடுத்துக்கொள்ளவில்லை. அவளுக்கு ஒரு பழக்கம் உண்டு. வழியில் போகிற அறிமுகமில்லாத பெண்ணை நிறுத்தி, “உங்களுக்கு இந்த நிறம் ரொம்ப நன்னாயிருக்கு” என்று சொல்லிவிட்டுப் போய்விடுவாள். கூட நடக்கிற எனக்குக் கூச்சமாக இருக்கும். அதை நான் வைத்துக்கொண்டேன். போன வாரம் பனகல் பூங்காவின் அருகே கீரைக்காரி ஒருத்தி, கிளிப்பச்சைச் சேலை கட்டி உட்கார்ந்திருந்தாள். சொன்னேன். அவள் திகைத்தாள். “இன்னாத்துக்கும்மா கிண்டலு?” என்றாள். கிண்டல் இல்லை என்றேன். அவள் மெல்ல முந்தானையை இழுத்து மடியில் பரப்பி, அன்றுதான் முதல்முறை பார்ப்பவள் போலத் தன் சேலையைப் பார்த்துக்கொண்டாள்.

அதைக் கோமளத்திடம் சொல்லவேண்டும் என்று பாதித் தெரு விறுவிறுவென்று நடந்தேன். பிறகுதான் நினைவு வந்தது. மெதுவாக வீடு வந்து சேர்ந்தேன்.