தீனதயாளன் அண்ணனின் சந்தோஷக் கணக்கு

சங்கராபுரம் பக்கம் மரவள்ளி போடுகிறவர்களில், ஜவ்வரிசி ஆலையில் கிழங்கைக் கொட்டிவிட்டுச் சிரித்த முகத்தோடு திரும்புகிற ஒரே ஆள் தீனதயாளன் அண்ணன்தான். எங்கள் நிலத்துக்கு அடுத்த நிலம் அவருடையது. கிழங்கில் எவ்வளவு மாவு இருக்கிறது என்று ஆலையில் அளந்து 'பாயிண்ட்' சொல்வார்கள், விலை அதன்படிதான். நானும் என் வீட்டுக்காரரும் மனக்கோட்டை கட்டிக்கொண்டு போய், முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வருவோம். அவர் கம்மி என்றே முடிவு கட்டிவிட்டுப் போவார்.

"மோசமா வரும்னு நெனச்சிக்கினு போங்க. அதுக்கு மேல வர்றதெல்லாம் சந்தோசம். அவ்ளோதாங்க கணக்கு" என்பார். மழைக்கும் இதே கணக்கு. அவர் மனைவி ஆண்டாள் வைக்கிற குழம்புக்கும் இதே கணக்கு. எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனால் மனுஷன் நிம்மதியாகத் தூங்கினார், நான் தூங்கவில்லை. பொறாமைதான்.

தை மாதம் மகள் சந்தியாவைத் தியாகதுருகத்தில் கட்டிக்கொடுத்தார். கார் ஏறும்போதும் அவளிடம் அதையே ஓதினார். முதல் ஆடிக்குச் சீர் வைத்து அழைத்து வந்தார்கள். "மாப்ள வூட்ல எப்படிம்மா?" என்று கேட்டதற்கு, "சந்தோசமா இருக்கேம்பா" என்றாள். அண்ணனுக்குப் பெருமை தாங்கவில்லை. என்னிடமும் வந்து சொன்னார்.

ஆவணி பிறந்து, மாப்பிள்ளை அழைக்க வரும் நாள். பட்டுப்புடவைக்கு மகளின் ரவிக்கைப் பின்கொக்கியை மாட்டப்போன ஆண்டாள் போட்ட கூச்சலில் நான் ஓடினேன். சந்தியாவின் முதுகெல்லாம் பெல்ட் தழும்பு.

"சந்தோசமா இருக்கேன்னு சொன்னியேம்மா?" என்று கேட்டார் அண்ணன்.

"பொய் சொல்லலப்பா. தெனம் அடிப்பாருன்னு நெனச்சிக்கினேன். தெனம் அடிக்கல."

அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். எனக்கு ஆத்திரமாக வந்தது. அடித்தவன் மேல் மட்டுமல்ல, இந்த மனுஷன் மேலும்தான். கிழங்குக்குப் போட்ட கணக்கையா பெற்ற பெண்ணுக்கும் சொல்லி அனுப்புவது?

வாசலில் வண்டி வந்து நின்றது. சந்தியா தன்னால் பையைத் தூக்கினாள். அண்ணன் எழுந்து அதைப் பிடுங்கி உள்ளே போட்டுவிட்டு வாசலுக்குப் போனார்.

"எம் பொண்ணு வராதுங்க. கெளம்புங்க."

மாப்பிள்ளை தெருவே கேட்கும்படி கத்திவிட்டுப் போனான். சந்தியா முகத்தில் துளி சந்தோஷம் இல்லை, பயம்தான் இருந்தது.

"இனிமே நான் இன்னா நெனச்சிக்கினு இருக்கணும்பா?" என்று கேட்டாள்.

அண்ணன் ஆண்டாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு அவள் பையைத் திறந்து, துணிகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்து வைத்தார்.