மந்திரவீரனின் விரதம்

அது ஒரு பழுப்பு நிற சர்க்கார் கோப்பு. அட்டையில் இருந்த 'வடிகால்' என்ற சொல்லை அடித்துவிட்டு, அதன் கீழே 'மந்திரவீரன்: திருத்தங்கள்' என்று கிராணி அண்ணன் எழுதியிருந்தார். மலாயாவுக்கு அரசியலமைப்புச் சட்டம் தயாராகிக்கொண்டிருந்த காலம். ஆளாளுக்கு எதையோ திருத்திக்கொண்டிருந்தார்கள்.

அண்ணன் எங்கள் வடிகால் இலாகா அலுவலகத்தில் மூத்த எழுத்தர். ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர், தனி ஆள். மலாக்காவின் காஜா பெராங்கில் ஒரு கடைக்கு மேலே அவருக்கு வாடகை அறை. சனிக்கிழமை அரை நாள் வேலை முடிந்ததும் அங்கே நால்வர் பாயில் உட்கார்ந்து அவர் உருவாக்கிய விளையாட்டை ஆடுவோம். நாட்காட்டித் தாளின் பின்புறம் காடும் குகையும் வரைந்திருக்கும். தாயக்கட்டை உருட்டி நகர வேண்டும். கதை சொல்லி, ராட்சசர்களை ஏவி, தீர்ப்பும் சொல்பவருக்குக் 'கங்காணி' என்று பெயர். அது அண்ணன். என் அக்காள் கணவர், அதாவது அத்தான், வெறும் வாள்வீரன். வில்லாளி, பக்கத்துத் தெரு செட்டி நண்பர்; பல தலைமுறைக்கு முன் மலாக்காவில் குடியேறிய தமிழ் வணிகர் வழி வந்தவர். அவருக்குத் தமிழில் சாமி பெயர்கள் தெரியும், மற்றதெல்லாம் மலாய். நான் மந்திரவீரன். வாளும் பிடிப்பேன், மந்திரமும் சொல்வேன். நாலு புத்தகம் படித்த திமிரில் கேட்டு வாங்கிய பாத்திரம்.

வந்தது வினை. "நான் வாள உருவறதுக்குள்ள உன் ஆளு ராட்சசனப் பொசுக்கிடுறான். நான் எதுக்கு மச்சான், சாம்பல் கூட்டவா?" என்றார் அத்தான். இன்னொரு வாரம் இப்படியே போனால் வரமாட்டேன் என்றும் சொல்லிவிட்டார். நாலு பேர் இல்லாமல் ஆட்டம் இல்லை. ஆட்டம் இல்லாவிட்டால் அந்தப் படியேற எங்களுக்கு வேறு காரணமும் இல்லை. அண்ணன் அந்தப் பழுப்புக் கோப்பைத் திறந்தார். வெள்ளிக்கிழமையே நாலு கிளாஸைக் கழுவிக் கவிழ்த்து வைக்கிறவர் அவர்.

முதல் திருத்தம்: மந்திரம் சொல்ல ஒரு கை காலியாக இருக்க வேண்டும், ஆகவே கேடயம் கிடையாது. கேடயம் இல்லாமலே ஜெயித்தேன். இரண்டாவது: வாள்வீரன் பத்து அடி தாங்கினால் மந்திரவீரன் ஐந்துதான். அடி விழும் தூரத்துக்கு நான் போனால்தானே? மூன்றாவது: தாயம் விழுந்தால்தான் மந்திரம் பலிக்கும். இப்போது மந்திரமும் இல்லை, வாளும் அரைகுறை. இரண்டு வாரம் தொடர்ந்து செத்தேன். அத்தான் மகிழ்ந்தார். நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன்.

நான்காவது திருத்தத்தில்தான் அண்ணனின் மேதைமை. தாயம் தேவையில்லை, ஆனால் மந்திர சித்திக்கு விரதம் வேண்டும். ஒரு மந்திரத்துக்கு ஒரு பீசாங் கோரேங்கை விட்டுவிட வேண்டும். விரதம் மந்திரவீரனுக்கு அல்ல, அவனை ஆடுகிறவனுக்கு! மாவில் தோய்த்துச் சுடச்சுடப் பொரித்த வாழைப்பழம், ஆட்டத்தின்போது ஆளுக்கு ஐந்து. அந்த வாசனையில் என் மந்திரங்கள் ஒவ்வொன்றாக மறந்துபோயின. அத்தான் நிறைய ராட்சசர்களை வெட்டினார். உலகம் சமநிலை கண்டது.

பிறகு புரட்டாசி வந்தது. சனிக்கிழமை விரதம் எங்கள் வீட்டில் கட்டாயம். எப்படியும் பட்டினிதான் என்று ஐந்து மந்திரங்களையும் மளமளவென்று சொல்லித் தீர்த்தேன். அத்தான் எழுந்து செருப்பைத் தேடினார்.

"தம்பி, இருங்க," என்றார் அண்ணன் அத்தானிடம். அவசரமாக எழுந்து கதவருகே போய் நின்றுகொண்டார். "மந்திரவீரன நீங்க ஆடுங்க. வாள அவருகிட்ட குடுங்க."

அத்தான் உட்கார்ந்தார். ஒரு மந்திரமும் சொல்லாமல் நாலு பீசாங் கோரேங் தின்றார். இதற்குள் குகை வாசலில் ராட்சசன் என்னைப் பிடித்துவிட்டான். இன்னும் ஓர் அடி விழுந்தால் நான் காலி. அத்தான் கையில் ஐந்தாவது. மிச்சம் இருந்த ஒரே மந்திரமும் அதுதான்.

"மாக்கான் லா! பியார் டியா மாத்தி!" என்றார் செட்டி நண்பர். தின்னு, அவன் சாகட்டும் என்று அர்த்தம்.

அத்தான் என்னைப் பார்த்தார், கையைப் பார்த்தார். என்னைவிடக் கையைத்தான் அதிக நேரம் பார்த்தார். பிறகு அதைத் தட்டில் வைத்தார். "ஒங்கக்காவுக்கு யாரு பதில் சொல்றது?" என்று முனகிவிட்டு மந்திரம் சொன்னார். ராட்சசன் குற்றுயிராகக் குகைக்குள் ஓடினான், நான் பிழைத்தேன்.

இப்போது என் மகன் கடையில் வாங்கிய இதே மாதிரி விளையாட்டை ஆடுகிறான். செங்கல் கனத்துக்கு விதிநூல். வாளும் மந்திரமும் சேர்ந்தவனை அடக்க அதிலும் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்கள். எங்கள் விரதத்தைச் சொன்னேன். "அதெல்லாம் ரூல்ஸ் இல்லப்பா," என்றான். வாஸ்தவம்.

அந்தப் புரட்டாசிச் சனியன்று படியிறங்கும்போது அண்ணன் மேலிருந்து கேட்டார்: "அடுத்த சனி?"

"வராமலா? ஒங்க ராட்சசன் இன்னும் சாகலியே," என்றார் அத்தான்.

ராட்சசன் சாக மிச்சம் இருந்தது ஒரே ஓர் அடி. அந்த ராட்சசனை அண்ணன் மேலும் ஐந்து சனிக்கிழமைகள் உயிரோடு வைத்திருந்தார். விதிப்படி தவறு. நாங்கள் மூவரும் எண்ணத் தெரியாதவர்கள்போல் படியேறிக்கொண்டிருந்தோம்.