டிஜேக்கு அனுப்பிய துண்டுச் சீட்டு

எங்கள் இருபத்தைந்தாவது கல்யாண நாளை நான் மறந்துவிட்டேன். நிறையப் படித்தவன் என்று ஊரில் பெயர் வாங்கியவன் இதை ஒத்துக்கொள்வது கூச்சமாகத்தான் இருக்கிறது. மனைவி சண்டை போடவில்லை. போட்டிருந்தால் நாலு வார்த்தை பதில் சொல்லித் தப்பித்திருப்பேன். ஒன்பது நாளாக வீட்டில் 'சாப்பாடு வச்சாச்சு', 'மோட்டார் ஓடுது' என்ற இரண்டு வாக்கியங்கள்தான்.

பத்தாம் நாள், கடற்கரை மைதானத்தில் அன்று மாலை லைவ் மியூசிக் என்று ஒரு போஸ்டரைப் பார்த்தேன். கீழே எலக்ட்ரானிக் என்றும் போட்டிருந்தது. கீபோர்டு வைத்திருப்பார்கள் போல என்று எடுத்துக்கொண்டேன்.

எங்கள் பக்கம் கோயில் கொடையோ மாதா திருவிழாவோ, கச்சேரி என்றால் ஒரு வழக்கம் உண்டு. துண்டுச் சீட்டில் பேரையும் விசேஷத்தையும் எழுதி மேடைக்கு அனுப்பினால், அறிவிப்பாளர் வாசித்து வாழ்த்திவிட்டு, கேட்ட பாட்டைப் பாடச் சொல்வார். கல்யாணமான புதிதில் திரேஸ்புரத்துக் கச்சேரியில் அப்படி ஒரு சீட்டு அனுப்பினேன். அவள் ஒரு வாரம் என்னிடம் கோபப்படவே இல்லை. அதே வைத்தியத்தை மறுபடி செய்து பார்க்கலாம்.

"கச்சேரிக்குப் போவமா?" என்றேன். பதில் சொல்லாமல் சேலை மாற்றிக்கொண்டு வந்தாள். அவள் பையில் முறுக்கு. என் கக்கத்தில், விரித்து உட்கார ஒரு பெட்ஷீட்.

வாசலில் செக்யூரிட்டி எங்களை மேலும் கீழும் பார்த்தார். "அண்ணாச்சி, பெட்ஷீட் எதுக்கு? படுக்கவா வந்திய?"

தின்பண்டம் உள்ளே கூடாதாம்; முறுக்கை அவரிடமே விட்டுவிட்டு உள்ளே போனோம். நாற்காலி ஒன்றுகூட இல்லை. உட்கார்ந்தால் மிதித்துவிடுவார்கள். மேடையில் ஒரு மேஜை, ஒரு லேப்டாப், ஒற்றைக் காதில் ஹெட்போன் மாட்டிய ஒருவர். டும் டும் என்று அடித்துக்கொண்டே இருந்தது. ஒவ்வொரு அடிக்கும் என் நெஞ்செலும்பு தனியாக ஆடியது. சவுண்டு செக் பண்ணுகிறார் என்று நினைத்து, முக்கால் மணி நேரம் பாடகிக்காகக் காத்திருந்தேன்.

பக்கத்தில் ஆடிக்கொண்டிருந்த ஒரு பெண்ணிடம் கத்திக் கேட்டேன். "பாட்டு எப்பம்மா ஆரம்பிக்கும்?"

"முடியப் போவுது, அங்கிள்."

மனைவியின் கைப்பையைப் பலகையாக்கி, அவள் செல்போன் வெளிச்சம் காட்ட, அவசரமாக எழுதினேன்: கல்யாணத் தேதி, வெள்ளி விழா, என் மனைவிக்காக ஒரு பழைய பாட்டு. அவள் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

அந்தப் பெண் சீட்டை வாங்கி முன்னால் நின்றவனிடம் நீட்டினாள். "ஏலே, முன்ன அனுப்பு. அங்கிளுக்குக் கல்யாண நாளாம்."

சீட்டு தலைகளுக்கு மேலே கைமாறிப் போனது. பாதி வழியில் அதைப் பிடித்த ஒருவன் குதிக்க ஆரம்பித்துவிட்டான். என் இல்லறம் அவன் விரலிடுக்கில் மேலும் கீழும் போய்வந்தது. இங்கிருந்து நான் என்ன செய்ய முடியும்? பெட்ஷீட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

எப்படியோ மேஜைக்குப் போய்ச் சேர்ந்தது. டிஜே எடுத்தார், வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், தலையை ஆட்டினார். நான் மனைவியின் கையைத் தொட்டேன். அவர் சீட்டை மேஜையில் வைத்து, அதன்மேல் தண்ணீர் பாட்டிலை வைத்தார். கடல் காற்றில் பறக்காமல் பத்திரப்படுத்துகிறார் என்று கொஞ்ச நேரம் நம்பினேன். தலையாட்டல் தாளத்துக்கானது என்று புரிய இன்னும் பத்து நிமிஷம் ஆனது.

கடைசியில் ஊருக்கு மொத்தமாக ஒரு நன்றி சொன்னார். பாட்டிலை எடுத்துக்கொண்டு இறங்கினார். சீட்டு எழும்பி, துறைமுக விளக்குகள் இருக்கும் பக்கமாகப் பறந்து போனது.

ஸ்கூட்டரில் அவள் பேசவில்லை. பேசியிருந்தாலும் எனக்குக் கேட்டிருக்காது. காது மறுநாள் காலையில்தான் திறந்தது. காபியைக் கொண்டுவந்து வைத்தவள், போகாமல் நின்றாள்.

"அந்த ஆளு வாசிக்காததும் நல்லதுதான்."

பதினோரு நாளில் கிடைத்த மூன்றாவது வாக்கியம். ஆசையோடு நிமிர்ந்தேன். "ஏன்?"

"சீட்டுலயும் தேதியத் தப்பாத்தான எழுதியிருந்திய."