ஏகாம்பரம் அண்ணனின் எவர்சில்வர் மேக்னம்

ஒரு துப்பாக்கியைக் கழற்றித் துடைத்து எண்ணெய் போட்டு மாட்டுவது சின்ன வேலை. அதன் சொந்தக்காரர் அதைப் புகழ்ந்து முடிக்கிறவரை பல்லைக் காட்டிக்கொண்டு நிற்பதுதான் பெரிய வேலை.

தையல்காரர்கள், வாட்ச் ரிப்பேர்காரர்கள், பைக் மெக்கானிக்குகள், இப்படி அடுத்தவர் உயிரையே வைத்திருக்கும் சாமானைக் கையில் வாங்கிப் பிழைக்கிற எல்லோருக்கும் என் கஷ்டம் புரியும். பொன்னேரியில் லைசென்ஸ் பெற்ற ஒரு துப்பாக்கிக் கடையில் எனக்கு வேலை. விற்பனை எப்போதாவதுதான். சர்வீஸ் செய்வதும், தேர்தல் அறிவித்தால் ஊரார் துப்பாக்கிகளை வாங்கிப் பூட்டி வைப்பதும்தான் கடையை ஓட்டுகின்றன. வருவதெல்லாம் கறுப்புத் துப்பாக்கிகள். வெள்ளையாக மின்னுவது ஒன்றுதான். பழவேற்காட்டை அடுத்த லைட்ஹவுஸ் குப்பத்தில் ஃபைபர் படகுகளும் ஐஸ் வியாபாரமும் வைத்திருக்கும் ஏகாம்பரம் அண்ணனுடைய மேக்னம் ரிவால்வர் அது. மீன் ஏலப் பணத்தோடு தனியாக வரவேண்டியிருந்த காலத்தில் லைசென்ஸ் எடுத்து, ரிட்டயரான அதிகாரி ஒருவரிடம் வாங்கியது. வெளிநாட்டுச் சரக்கு, ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். குப்பத்தில் அதற்கு எவர்சில்வர் துப்பாக்கி என்று பெயர். போன வருடம் அது அவர் கையைவிட்டுப் போயே போயிருக்கும். அந்தக் கதைக்கு வருவதற்கு முன்னால் அவருடைய பெருமையைக் கொஞ்சம் நீங்களும் அனுபவிக்க வேண்டும்.

தராசு

முதல் தடவை அவர் வீட்டுக்கு சர்வீஸுக்குப் போனபோது, டீ வருவதற்கு முன்னால் துப்பாக்கி வந்தது. தோட்டா இல்லை என்று நான் பார்த்து முடித்ததும், "கையில வெச்சுப் பாரு தம்பி, எப்படிக் கீது?" என்றார். "நல்ல எடைண்ணே" என்றேன். அது போதவில்லை. எவ்வளவு என்று சொல்லச் சொன்னார். நான் குத்துமதிப்பாக ஒரு கிலோ இருக்கும் என்றதும் அவர் முகம் வாடிவிட்டது. என்னை இழுத்துக்கொண்டு பக்கத்திலிருந்த ஏலக் கொட்டகைக்குப் போய், மீன் நிறுக்கிற எலெக்ட்ரானிக் தராசில் துப்பாக்கியை வைத்துவிட்டார்.

எடை போடுகிற ஆள் அப்போதுதான் ஒரு கூடை மடவை மீனை நிறுத்து இறக்கியிருந்தார். துப்பாக்கியைப் பார்த்து அவர் அசரவில்லை. தராசில் வந்த எண்ணைப் பார்த்துவிட்டு நிதானமாகக் கேட்டார்: "ஒரு கிலோவுக்கு மேல நிக்குதுண்ணே. செதிலு, கொடலு எல்லாம் எடுத்தா எவ்ளோ நிக்கும்?"

கடல் காற்று

அண்ணன் வீடு கடலைப் பார்த்த வீடு. ஜன்னல் கம்பி, மின்விசிறி, பூட்டு எல்லாவற்றையும் உப்புக்காற்று தின்றுகொண்டிருந்தது. துப்பாக்கியிலும் ஒரு திருகாணி ஓரத்தில் கடுகளவு பழுப்பு தெரிந்தது. ஸ்டெயின்லெஸ் ஸ்டீலுக்கும் கடலோரத்தில் கவனிப்பு வேண்டும் என்று பக்குவமாகச் சொன்னேன். எவர்சில்வர் துருப்பிடித்ததாகச் சரித்திரமே கிடையாது என்றார். நான் வாதாடாமல் துணியால் துடைத்து, துணியில் ஒட்டிய பழுப்பை அவரிடம் காட்டினேன்.

அவர் துணியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், என் பக்கத்திலிருந்த டம்ளரைப் பார்த்தார். "டீ குடிச்ச கையோட தொட்டிருப்ப" என்றார்.

காக்கா

அந்தத் துப்பாக்கியால் அவர் சுட்டதே இல்லை. வாங்கும்போது கூட வந்த தோட்டாக்கள் பீரோவில் அப்படியே இருக்கின்றன. ஏன் என்று கேட்டதற்கு, சுட்டால் உள்ளே கரி பிடிக்கும் என்றார். வாராவாரம் அதை வெளியே எடுத்து, வாசலில் உட்கார்ந்து, வெயில் படுகிற மாதிரித் திருப்பித் திருப்பிப் பார்ப்பதோடு சரி.

அவர் மனைவி மோகனா அண்ணி அதே வாசலில்தான் கருவாடு காயவைப்பார். அண்ணன் துப்பாக்கியோடு உட்கார்ந்திருந்தால் காக்கா தொல்லை குறையுமே என்று நான் சும்மா இல்லாமல் சொல்லிவைத்தேன். அண்ணி கருவாட்டைத் திருப்பிப் போட்டபடியே சொன்னார்: "நீ வேற தம்பி. பளபளன்னு கீதுன்னு பாக்கறதுக்கே நாலு காக்கா கூட வருது."

தேர்தல் விருந்தாளி

தேர்தல் வந்தால் லைசென்ஸ்காரர்கள் துப்பாக்கியை ஒப்படைத்தாக வேண்டும். மற்றவர்கள் கொண்டுவந்து கொடுத்து, ரசீது வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். ஏகாம்பரம் அண்ணன் எனக்குப் பாடம் நடத்திவிட்டுத்தான் போவார். மோதிரம் போட்ட கையால் தொடக்கூடாது, கீறல் விழும். நாட்டுத் துப்பாக்கி பக்கத்தில் வைக்கக்கூடாது, உரசும். எல்லாவற்றையும்விடப் பெரிய கவலை, வேறு யாருடையதோடாவது மாறிவிடுமோ என்பது. எங்கள் அலமாரியில் வேறு வெள்ளைத் துப்பாக்கியே இல்லை என்று சொன்னாலும் நம்ப மாட்டார்.

அதனால் இரண்டு நாளைக்கு ஒருமுறை பஸ் ஏறி வந்து, அலமாரியைத் திறக்கச் சொல்லிப் பார்த்துவிட்டுப் போவார். வெறுங்கையோடு வர மாட்டார். ஒரு நாள் இறால், ஒரு நாள் நண்டு, ஒரு நாள் வஞ்சிரம். வாக்கு எண்ணி முடிந்து அவர் துப்பாக்கியை வாங்கிக்கொண்டு போன அன்றைக்கு, எங்கள் முதலாளி சாம்பார் சாதத்தைப் பிசைந்தபடி என்னைக் கேட்டார்: "பஞ்சாயத்து எலெக்சன் எப்பப்பா வருது?"

பேர் வெட்டின கதை

போன வருடம், லைசென்ஸ் புதுப்பிக்கும் சமயம். துப்பாக்கியை ஸ்டேஷனில் காட்டி, அதிலுள்ள நம்பரை லைசென்ஸோடு ஒத்துப்பார்த்துக் கையெழுத்து வாங்க வேண்டும். அதற்கு ஒரு வாரம் இருக்கும்போது அண்ணி போன் செய்தார். "ஒடனே வா தம்பி. அண்ணன் சாப்புடாம உக்காந்துனு கீறாரு."

போனேன். மேஜையில் துண்டு விரித்து அதன்மேல் துப்பாக்கி. அண்ணன் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். துப்பாக்கியின் வலது பக்கத்தில், பாத்திரக் கடையில் மெஷினால் வெட்டுகிற அதே புள்ளி எழுத்தில், ஏ. மோகனா என்று இருந்தது. இரண்டு பக்கமும் ஒரு பூ. நம்பரின் பாதி அந்தப் பேருக்கு அடியில் போயிருந்தது.

அண்ணன் ஐஸ் லோடு விஷயமாக வெளியே போயிருந்தபோது, அண்ணி அதைத் துண்டில் சுற்றி ஒயர்கூடையில் வைத்துப் பழவேற்காடு பஜாருக்கே கொண்டுபோயிருக்கிறார். பேர் வெட்டுகிறவர் பயந்துபோய், இது சுடுமா என்று கேட்டிருக்கிறார். எங்கள் வீட்டில் இதுவரை சுட்டதில்லை என்று அண்ணி தைரியம் சொல்லியிருக்கிறார். ஏதோ நம்பர் இருக்கிறதே என்றதற்கு, குடத்தில் எடையை எழுதுகிற மாதிரிக் கடைக்காரன் எழுதியது, அதன்மேலேயே வெட்டு என்றும் அண்ணிதான் சொல்லியிருக்கிறார்.

"பேர அழிச்சுக் குடு தம்பி" என்றார் அண்ணன், சுவரிடம். அழித்தால் நம்பரும் சேர்ந்து போய்விடும், நம்பரில் கைவைத்தால் இரண்டு பேரும் கம்பி எண்ண வேண்டியதுதான் என்றேன். நம்பர் தெரியாவிட்டால் துப்பாக்கியைப் பிடுங்கிக்கொள்வார்கள், கேஸும் வரலாம். லென்ஸ் வைத்துப் பார்த்தும் கடைசி எண்கள் எனக்குப் பிடிபடவில்லை. அண்ணியைத் திட்டலாம் என்றுதான் திரும்பினேன். அவர் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னதைக் கேட்டபிறகு பாவமாகிவிட்டது. "எலெக்சன் வந்தா உங்க கடையில வெச்சிட்டு வந்து தூங்கவே மாட்டாரு தம்பி. மாறிடும், மாறிடும்னு பொலம்பினே கெடப்பாரு. நம்ம சாமான்ல பேர் இருந்தா எங்க போனாலும் திரும்பி வந்துடும்ல?"

பவுடர்

ஸ்டேஷனுக்கு மூன்று பேருமாகப் போனோம். வர வேண்டாம் என்று அண்ணன் சொல்லியும் அண்ணி கேட்கவில்லை. "வெட்டினது நானு, நானே சொல்றேன்" என்று முன்னால் நடந்தார். இன்ஸ்பெக்டரிடம் ஒயர்கூடை முதல் பூ வரைக்கும் ஒன்று விடாமல் ஒப்பித்தார். லைசென்ஸ் இல்லாதவர் துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு ஊர் சுற்றினால் என்ன ஆகும் தெரியுமா என்று இன்ஸ்பெக்டர் பிடித்துக்கொண்டார். துப்பாக்கியைப் பூட்டி வைக்காததற்கு அண்ணனுக்கும் கிடைத்தது. அண்ணன் தலைகுனிந்து நின்றார். அவருடைய கை துப்பாக்கி இருந்த மேஜை விளிம்பைப் பிடித்திருந்தது. இன்றோடு சரி என்றுதான் நானும் நினைத்தேன்.

இன்ஸ்பெக்டர் துப்பாக்கியை ஜன்னல் பக்கம் கொண்டுபோய்ச் சாய்த்துப் பார்த்தார். பிறகு, "யார்கிட்டயாவது மூஞ்சிப் பவுடர் இருக்கா?" என்றார். அண்ணியின் கைப்பையில் சின்ன டப்பா இருந்தது. ஒரு சிட்டிகையை எழுத்தின்மேல் தேய்த்து, விரலால் மேலாக வழித்தார். புள்ளிகள் புள்ளிகளாக நிற்க, அவற்றுக்கு நடுவே ஆழமான கோடுகளில் பவுடர் தங்கி, எண்கள் ஒவ்வொன்றாக வெள்ளையாக எழுந்து வந்தன. இன்ஸ்பெக்டர் லைசென்ஸைப் பார்த்து வாசிக்க வாசிக்க, அண்ணன் சத்தமில்லாமல் கூடவே வாசித்தார். கையெழுத்துப் போட்டு நீட்டும்போது இன்ஸ்பெக்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நம்பர் சரியா இருக்குது. ஓனர்தான் மாறிட்டாங்க."

வெளியே வந்ததும், முறைப்படி அனுமதி வாங்கினால் நம்பரைத் தொடாமல் பேரையும் பூவையும் முடிந்தவரை மெருகு போட்டு எடுத்துப் பார்க்கிறேன் என்று அண்ணனிடம் மெதுவாகச் சொன்னேன். இத்தனை வருடம் மோதிரக் கீறலுக்கே பயந்த மனிதர், இதைக் கேட்டு சந்தோஷத்தில் குதிப்பார் என்று எதிர்பார்த்தேன். அண்ணி சற்றுத் தள்ளி ஷேர் ஆட்டோவைக் கைகாட்டி நிறுத்திக்கொண்டிருந்தார். அண்ணன் அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னார்: "கீறல் வேற, பேரு வேற தம்பி."

லைசென்ஸ் ஒருவர் பேரிலும் துப்பாக்கி இன்னொருவர் பேரிலும் இருந்து, இரண்டு பேருமே நிம்மதியாகத் தூங்குகிற வீடு என் சர்வீஸில் அது ஒன்றுதான்.