வேகாத உளுந்தும் ஒரு மாசத் தவணையும்

பெரிய ஓட்டல் சமையலறையில் சாப்பிடுகிறவர் முகம் நமக்குத் தெரியாது. திரும்பி வருகிற தட்டுதான் முகம்.

அடுப்படியில் ஆயுசைக் கழித்தவங்களுக்கு இது புரியும். பிள்ளைகள் ரெண்டு பேரும் வேலைக்குப் போன பிறகு, ஊட்டி சேரிங் கிராஸ் பக்கம் புதிதாகத் திறந்த பெரிய ரெஸ்டாரன்ட்டில் உதவிச் சமையலுக்குச் சேர்ந்தேன். சும்மா உட்கார எனக்கு வராது. சென்னையிலிருந்து வந்த செஃப், "ஒரு மாசம் பார்ப்போம்மா, சரிப்படலைன்னா நிறுத்திக்குவோம்" என்றார்.

அடுப்புக்கு முன் ஒரு நிமிஷம்

அடுப்பு பற்ற வைக்கும் முன் கண்ணை மூடிக் கும்பிடுவது என் வழக்கம். முதல் நாளே செஃப் பார்த்துவிட்டார். "என்னம்மா, காலையிலேயே தூக்கமா?" பரிமாறுகிற செல்விதான் சொன்னாள்: "சார், அக்கா முருகன்கூட லைன்ல இருக்காங்க. கொஞ்சம் பொறுங்க."

ரெண்டு தடவை வந்த சூப்

கோயமுத்தூர்க்காரர் ஒருவர் சூப் ஆறிப்போச்சு என்று ரெண்டு தடவை திருப்பி அனுப்பினார். செஃப் மறுபடி மறுபடி கொதிக்க வைத்தார். குற்றம் சூப்பில் இல்லைங்க. நம்ம ஊர்க் குளிரில் பீங்கான் கிண்ணம் ஐஸாகக் கிடந்தது. கிண்ணத்தை வெந்நீரில் போட்டெடுத்து, துடைத்துக் கொடுத்தேன். அவர் சொன்னதைச் செல்வி அப்படியே வந்து சொன்னாள்: "இப்பத்தானுங்க நாக்குச் சுட்டுது, ரொம்ப சந்தோசமுங்க!"

பன்னிரண்டு விருந்தாளிகள்

மாசம் முடிய மூணு நாள். முதலாளி பன்னிரண்டு பேரை மதியச் சாப்பாட்டுக்குக் கூட்டி வருகிறார். வடநாட்டு வெண்ணெய்ப் பருப்புக்காக செஃப் காலையிலேயே கறுப்பு உளுந்தைத் தாமிரப் பாத்திரத்தில் ஏற்றினார். மூடாமல் வெந்தால்தான் ருசியாம்.

"சார், இந்த உசரத்துல தண்ணி சீக்கிரம் கொதிச்சிருமுங்க, பருப்புத்தான் வேகாது. குக்கர்ல வச்சிரலாமுங்க."

"இருபது வருஷமா பருப்பு வேக வைக்கிறேன்மா."

"எந்த ஊர்லங்க?" என்று நாக்கு நுனி வரை வந்தது. வேலை போயிடுமே என்று முழுங்கிக்கொண்டேன். ஊறினதில் மிச்சமிருந்த உளுந்தைப் பின்னடுப்பில் குக்கரில் வைத்தேன். விசிலுக்கு ஒரு "முருகா".

ஒரு மணிக்கு எல்லாரும் உட்கார்ந்துவிட்டார்கள். செஃப் ஒரு உளுந்தை நசுக்கிப் பார்த்தார். நசுங்கவில்லை; அவர் முகம்தான் சுருங்கிப்போச்சு. நான் குக்கரைக் கொண்டுபோய்ப் பக்கத்தில் வைத்தேன். குழைவாக வெந்திருந்தது. அதற்குமேல் வெண்ணெயும் தாளிப்பும் அவர் கைப்பக்குவம், குறை சொல்ல மாட்டேன். நாலு பேர் மறுபடி கேட்டு வாங்கினார்கள். முதலாளியே உள்ளே வந்து, "பருப்பு யார் கை?" என்றார். செஃப் என்னைக் காட்டினார்: "இவங்க இல்லைன்னா இன்னிக்கு மானம் போயிருக்கும் சார். மாசத் தவணையெல்லாம் வேண்டாம், நிரந்தரமாப் போட்டுருங்க."

ரெண்டு பிள்ளைகளை ஆளாக்கினதில் கிடைக்காத நல்ல பேர் அரைப் படி உளுந்தை வேக வைத்ததில் கிடைத்துவிட்டது, அந்த முருகன் கணக்கு அவனுக்குத்தான் வெளிச்சம்.