மார்கழியில் தானாக இரைந்த கார்

மார்கழி பிறந்த அன்று காலையில், ஈரச் சாக்கு ஒன்றைத் தூக்கிக்கொண்டு நான் எங்கள் காரை நோக்கி ஓடினேன். கோலப்பொடிக் கிண்ணத்தோடு வாசலில் குனிந்திருந்த என் மனைவி நிமிர்ந்து பார்த்தாள்.

"ஏனுங்க, காருக்குக் குளுருதுன்னு போத்திவிடப் போறீங்களா?"

சாவியைத் திருப்பியதுதான் நான் செய்த காரியம். ஆக்சிலேட்டரில் கால் படவே இல்லை. அதற்குள் வண்டி தானாக உச்சக் குரலில் இரைய ஆரம்பித்துவிட்டது. எங்கள் பேச்சில் சொன்னால், வண்டி தானாக ரேஸ் ஆனது. உடனே சாவியைத் திருப்பி வண்டியை அணைத்திருக்கலாம். ஆனால் லாரியில் காலம் கழித்தவனுக்கு அந்தச் சத்தம் காதில் விழுந்தால் கை சாவிக்குப் போகாது, சாக்கைத்தான் தேடும்.

காரணம் உண்டு. டீசல் இஞ்சின் சில சமயம் கோளாறாகித் தன் ஆயிலையே குடித்துக்கொண்டு வெறி பிடித்ததுபோல் ஏறும். சாவியைப் பிடுங்கினாலும் நிற்காது. காற்று போகும் வாயில் சாக்கைத் திணித்து மூச்சை அடைக்க வேண்டும். இல்லையென்றால் இஞ்சின் வெடிக்கும். மலைப்பாதையில் முன்னால் போன ஒரு லாரிக்கு அப்படி ஆனதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஆட்களுக்கு ஒன்றும் ஆகவில்லை, ஆஞ்சநேயர் காப்பாற்றினார். அன்றிலிருந்து என் வண்டியில் ஊதுபத்தி இல்லாத நாள்கூட இருந்திருக்கலாம், சாக்கு இல்லாத நாள் இருந்ததில்லை.

பானெட்டைத் திறந்து, அந்தச் சின்ன இஞ்சினில் காற்று வாய் எங்கே என்று நான் தேடிக்கொண்டிருந்தபோதே சத்தம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி, பூனை உறுமுவதுபோல் அடங்கிவிட்டது. சாக்கிலிருந்து தண்ணீர் என் காலில் சொட்டிக்கொண்டிருந்தது.

"போத்தறதுக்கு முன்னாலயே குளுரு உட்டுருச்சாட்ட இருக்குதுங்க" என்று சொல்லிவிட்டு அவள் கோலத்துக்குத் திரும்பினாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தக் காரை நான் வாங்கியதே ஒரு காரியத்துக்காக. எங்கள் ஒரே மகளுக்குத் தலைப்பிரசவம். சேலத்தில் அவள் மாமியார் வீட்டில் வளைகாப்பு முடித்து, கை நிறைய வளையலோடு கூட்டி வந்திருந்தோம். தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். என் மனைவிக்கு அது வழக்கம் மட்டுமல்ல, வேண்டுதல். தை பிறப்பதற்கு முன்னே பின்னே ஆகலாம் என்று டாக்டர் அம்மா சொல்லியிருந்தார். எங்கள் வீடு நாமக்கல்லிலிருந்து உள்ளே தள்ளி, கோழிப்பண்ணைகளுக்கு நடுவில் இருக்கிறது. விடியற்காலையில் வலி எடுத்தால் பஸ் கிடையாது. எல்லாவற்றையும் யோசித்துத்தான் சம்பந்தியம்மா, "ஊட்டுல வண்டி ஒண்ணு இருந்தா எனக்கும் நிம்மதிங்க" என்று சொல்லி அனுப்பிவைத்தார். அதற்காகத் தேடிப் பிடித்த பழைய பெட்ரோல் கார் இது. கார்த்திகையில் வந்தது. அப்போது இப்படி இரைந்ததாக நினைவில்லை.

மறுநாளும் இரைந்தது. அதற்கு மறுநாள் பனி இன்னும் அதிகம், இரைச்சலும் அதிகம். வெயில் ஏறிய பிறகு எடுத்தால் சாதுவாக இருக்கிறது. எனக்குப் பிடிபடவில்லை. யாரையாவது கேட்டிருக்கலாம். ஆனால் அசாம் வரைக்கும் லோடு ஏற்றிப் போய் வந்தவன், வாசலில் நிற்கும் குட்டிக் காரைப் பற்றி யாரிடம் போய்க் கேட்பது? கையில் ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக்கொண்டேன்.

சும்மா நிற்கும்போது இஞ்சின் ஓடும் வேகத்தை 'ஸ்லோ' என்போம். அந்த ஸ்லோவைக் கூட்டக் குறைக்க, காற்று போகும் வழியில் ஒரு திருகு இருக்கும். மனைவி செல்போன் வெளிச்சத்தைப் பிடிக்க, விடியற்காலைக் குளிரில், இரைந்துகொண்டிருந்த இஞ்சின் அடங்கும்வரை அந்தத் திருகை இறுக்கினேன். சத்தம் தணிந்தது. கோயில் மைக்கில் பாட்டு வந்துகொண்டிருந்தது, அது இப்போது தெளிவாகக் கேட்டது.

"அவ்வளவுதான். ஸ்லோ ஏறிக் கெடந்துருக்குது" என்றேன்.

"எல்லாந் தெரியுமுங்க உங்களுக்கு" என்றாள். அது பாராட்டா கேலியா என்று இத்தனை வருடமாகியும் எனக்குச் சரியாகப் பிடிபடுவதில்லை.

அடுத்து மகளைச் செக்கப்புக்கு அழைத்துப் போனேன். கிளம்பும் முன் என் வழக்கப்படி இஞ்சினுக்கு ஊதுபத்தி காட்டி, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றி எடுத்தேன். அவள் பின்சீட்டில் தேங்காயெண்ணெய் பாட்டிலை வெயில் படும்படி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மார்கழியில் எண்ணெய் உறைந்து கட்டியாகிவிடுகிறது, தலைக்கு வைக்கக் கவிழ்த்தால் ஒரு சொட்டு வருவதில்லை. போகும் வழியில் உருகட்டும் என்று எடுத்து வந்திருந்தாள்.

போகும்போது ஓட்டத்தில் ஒன்றும் தெரியவில்லை. செக்கப் முடிந்து திரும்பும்போது, நாமக்கல்லுக்குள் ஒரு முக்கில் வண்டியை மெதுவாக்கினேன். இஞ்சின் அணைந்துவிட்டது. சாவியைத் திருப்பினேன், பிடித்தது. காலை எடுத்தேன், மறுபடி அணைந்தது. பின்னால் முட்டை லாரி ஒன்று, அதற்குப் பின்னால் டேங்கர் ஒன்று. ஹாரன் அடிக்கும் இடத்தில் நானும் இருந்தவன்தான். இந்தப் பக்கம் உட்கார்ந்து கேட்டால் அது வேறு சத்தமாக இருக்கிறது.

"பெருசு, தள்ளீட்டாச்சும் போங்க!" என்றான் முட்டை லாரிக்காரன்.

அந்த நேரம் பார்த்துச் சம்பந்தியம்மா போன். செக்கப் நாளில் டாக்டர் என்ன சொன்னார் என்று கேட்பார். மகள் பேச ஆரம்பித்ததும் அவருக்கு ஹாரன்கள்தான் கேட்டிருக்கின்றன.

"என்ன சாமி அங்க இத்தனை சத்தம்?"

"வண்டி நின்னு நின்னு போகுதுங்கத்தை" என்று மகள் உள்ளதைச் சொல்லிவிட்டாள். மறைத்துப் பேசத் தெரியாத பிள்ளை.

சம்பந்தியம்மா போனை என்னிடம் தரச் சொன்னார். கோபமாகப் பேசவில்லை. பேசியிருந்தால் தேவலை.

"தப்பா நெனைக்காதீங்க. விடியக்காலம் வலி எடுத்து, வண்டி இப்படி நின்னுருச்சுன்னா என்னங்க பண்றது? நாங்க ஞாயித்துக்கிழமை வந்து கூட்டியாந்துர்றோம். இங்க ஆஸ்பத்திரி தெரு முக்குலதான் இருக்குது."

அவர் சொன்னதில் ஒரு வார்த்தைகூடத் தப்பில்லை. போனை மகளிடம் திருப்பிக் கொடுத்தேன். வீட்டில் என் மனைவி தொட்டிலுக்குப் பழைய சேலையைத் துவைத்துக் காயப்போட்டிருந்தாள்.

காலை ஆக்சிலேட்டரிலிருந்து எடுக்காமலே ஓட்டி, லாரிகளுக்குப் பாடி கட்டும் பட்டறைகளுக்குப் பக்கத்தில் பெட்ரோல் கார் மட்டும் பார்க்கும் ஒரு மெக்கானிக்கிடம் சேர்த்தேன். என் வயது இருக்கும். டிக்கியைத் திறந்தவர், உள்ளே மடித்து வைத்திருந்த சாக்கைப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"லாரிக்காரருங்களா?"

"ஆமாங்க."

"மார்கழி பொறந்தா எனக்கு லாரிக்காரங்கதானுங்க கிராக்கி. திருகையும் திருகியிருப்பீங்களே?"

"லேசாங்க."

பானெட்டுக்குள் குனிந்து பார்த்தார். "லேசாங்களா? போர் போடற ரிக்கு வண்டிப் போல்டாட்டம் முறுக்கி வெச்சிருக்கீங்க."

நாற்காலியில் உட்கார்ந்து கொய்யாப்பழம் தின்றுகொண்டிருந்த மகள் சிரித்துவிட்டாள். அந்த மனுஷன் எங்கள் இருவருக்கும் சேர்த்துச் சொன்னார்:

"காலைக் குளுர்ல பெட்ரோல் நல்லா ஆவியாகாதுங்க. சொட்டுச் சொட்டா உள்ளார செவுத்துல ஒட்டிக்கும். எரியறதுக்குக் கெடைக்கறது கொஞ்சந்தான். அதனால வண்டியே பெட்ரோலக் கூட ஊத்திக்கும், காத்தையும் கூடத் தொறந்து உட்டுக்கும். ஆயிலும் கெட்டியா இருக்குமுங்க, அதத் தள்ளீட்டுச் சுத்தோணும். மெதுவாச் சுத்துனா நின்னு போயிரும். அதான் வேகமாச் சுத்தி நின்னுக்குது. தண்ணி சூடாக ஆகத் தானாக் கொறைச்சுக்கும்."

"தண்ணி சூடாயிருச்சுன்னு அதுக்கு ஆருங்க சொல்றது?"

"ரேடியேட்டர் தண்ணி ஓடற பாதையில ஒரு சென்சார் இருக்குதுங்க. அது சூடு பாத்துச் சொல்லும். உங்க டீசல்ல காத்து பாட்டுக்கு வரும், டீசலத்தான் அளப்பாங்க. இதுல காத்தையும் அளந்து உடுதுங்க. நீங்க குளுர்ல கேட்ட சத்தத்தக் கொறைக்கறேன்னு, சூட்டுல அது மூச்சு உடற வழிய அடைச்சுப்போட்டீங்க."

மகள் எண்ணெய் பாட்டிலைத் தூக்கிக் காட்டினாள். வெயிலில் பாதி உருகி, பாதி கட்டியாக இருந்தது. "அப்பா, இதாட்டத்தான். காலைல கவுத்துனா வருமா?"

"பாப்பா சரியாச் சொல்லுது" என்றார் அவர். திருகைப் பழைய இடத்துக்குக் கொண்டுவந்து, வண்டியை ஓடவிட்டுக் காது கொடுத்துக் கேட்டார். பிறகு எனக்கு ஒரு புத்தி சொன்னார். "காலைல ஸ்டார்ட் பண்ணி நின்னுட்டே இருக்க வேண்டாமுங்க. ஏறி உக்காந்து பெல்ட்டுப் போடற நேரம் போதும், மெல்ல உருட்டிக்கிட்டுப் போங்க. போகப் போகத் தானா அடங்கும். சூடேறியும் இரைஞ்சுக்கிட்டே இருந்தா மட்டும் எங்கிட்ட வாங்க. சாக்க மாட்டுக்குப் போடுங்க."

எனக்கு மனசு லேசானது. யோசித்தால் எனக்கே அப்படித்தானே. மார்கழிக் காலையில் எழுந்தால் முழங்கால் இரண்டும் கொஞ்ச நேரம் முனகிவிட்டுத்தான் நடக்கச் சம்மதிக்கின்றன. கோயிலை ஒரு சுற்றுச் சுற்றினால் சரியாகிவிடும். யாரும் அதற்காக என்னைத் திருகியதில்லை.

எனக்குப் புரிந்தால் போதாது, சேலத்துக்கும் புரிய வேண்டும். மறுநாள் பனியில் குளித்து, திருநீறு பூசி, இஞ்சின் பக்கத்தில் நின்றுகொண்டு சம்பந்தியம்மாவுக்குப் போன் போட்டேன். அவரும் மார்கழியில் விடியுமுன் எழுகிறவர்தான்.

"ஒருக்கா இதக் கேளுங்க" என்று சொல்லிவிட்டு, மனைவியைச் சாவி திருப்பச் சொன்னேன். கார் ஊரைக் கூட்டியது. போனை பானெட்டுக்குள் நீட்டினேன்.

"ஐயோ, என்னங்க அது, மாவு மில்லுங்களா?"

"வண்டிதானுங்க. குளுர்ல இப்படித்தான் இரையணுமாம். இரையலைன்னாத்தான் கோளாறாம். சித்தெ இருங்க."

போனில் அவரும் இங்கே நாங்கள் இருவருமாக மூன்று பேரும் காத்திருந்தோம். என் மனைவி தட்டில் கற்பூரம் ஏற்றி வண்டிக்கு மூன்று சுற்றுச் சுற்றினாள். சத்தம் படிப்படியாக இறங்கியது. கற்பூரம் அணையும் நேரத்துக்கு இஞ்சினும் பூனையாகிவிட்டது.

"ஏனுங்க, நின்னு போச்சுங்களா?" என்று போனில் பதறினார்.

"நிக்கலீங்க, அடங்கியிருக்குது. இப்பக் கேளுங்க." இஞ்சினுக்கு இன்னும் கிட்டே பிடித்தேன். நேற்று ஏன் நின்றது, நான் என்ன செய்தேன், மெக்கானிக் என்ன சொன்னார் என்பதையும் ஒளிக்காமல் சொன்னேன்.

அவர் வெகு நேரம் சிரித்தார். "நாலு நாளைக்கு இப்படிக் காலைல போட்டுக் காட்டுங்க. அப்பறஞ் சொல்றேன்."

தினமும் போட்டுக் காட்டினேன். ஞாயிற்றுக்கிழமை வந்தது. அவர்கள் வரவில்லை. காலையில் அவரே கூப்பிட்டார். "இன்னைக்கு மாவு மில்லு ஓடலீங்களா? சரிங்க, உங்க ஊட்டுலயே ஆகட்டும். அம்மணியப் பாத்துக்கங்க." என் மனைவி சாமி அறைக்குள் போய் நெடுநேரம் வெளியே வரவில்லை.

மார்கழி முடியப் போகும் சமயம், கோயில் மைக் இன்னும் தொடங்காத ஒரு விடியற்காலையில், மகள் கதவைப் பிடித்துக்கொண்டு, "அப்பா, வண்டிய எடுங்க" என்றாள்.

பனி கண்ணாடியில் பால் மாதிரி படிந்திருந்தது. சாவியைத் திருப்பியதும் கார் அலறியது. அந்த அலறல் அன்றைக்கு எனக்கு எவ்வளவு தைரியம் கொடுத்தது என்று சொல்லத் தெரியவில்லை. விழித்துக்கொண்டேன், நான் தயார் என்று அது சொல்வதுபோல் இருந்தது. மனைவி கற்பூரத் தட்டோடு வந்தாள்.

"அம்மா, சாமி கோவிச்சுக்காது, ஏறு!" என்றாள் மகள், பல்லைக் கடித்துக்கொண்டு.

தட்டை வாசலிலேயே வைத்துவிட்டு ஏறினாள். பெல்ட்டைப் போட்டேன், முருகா என்று சொல்லி உருட்டினேன். கோழிப்பண்ணைகளைத் தாண்டும்வரை இரைந்தது. மெயின் ரோட்டில் ஏறும்போது அடங்கிவிட்டது. பிறகு காருக்குள் மகள் மூச்சு விடும் சத்தமும் வளையல் சத்தமும்தான். வழியில் எல்லா முக்கிலும் வண்டியை மெதுவாக்கினேன். ஒன்றிலும் அது அணையவில்லை.

பெண் குழந்தை. தாயும் பிள்ளையும் சுகம். சம்பந்தியம்மா முதல் பஸ்ஸில் வந்து சேர்ந்தார். குழந்தையைக் கையில் வாங்கியதும், "பாட்டன் வண்டியாட்டமே இரையறாளே, சூடேறுனா அடங்கீருவாளுங்களா?" என்றார். வார்டே சிரித்தது.

வீட்டுக்குக் கூட்டி வந்தது உச்சி வெயிலில். குழந்தையை மடியில் வைத்து மனைவியும் மகளும் பின்னால், சம்பந்தியம்மா முன்னால். சாவியைத் திருப்பினேன். சத்தமே இல்லை.

"ஏனுங்க, வண்டி ஓடுதுங்களா?" என்று சம்பந்தியம்மா கவலையோடு என்னைப் பார்த்தார்.

"ஓடுதுங்க. வெயில்ல நின்ன வண்டிங்க, குளுரு இல்ல" என்றேன். குழந்தை எழுந்துவிடக் கூடாதே என்று மெல்லச் சொன்னேன்.